வடைமாலை மீமும் வெளியேறிய சித்தியும்: சாமி விஷயத்தில் எப்படிச் சிரிப்பது?

போன மார்கழியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு மீம் போட்டேன். அனுமன் ஜெயந்தி அன்று நாமக்கல் ஆஞ்சநேயர் 1,00,008 வடை மாலையோடு நிற்கிற படம். கீழே, ‘சஞ்சீவி மலையையே தூக்கினவருக்கு இந்தக் கொலஸ்ட்ரால் எம்மாத்திரம்’ என்று ஒரு வரி. ஆபீஸ் குரூப்பில் அதற்கு ஏகப்பட்ட சிரிப்பு எமோஜி. அந்தத் தைரியத்தில்தான் இங்கேயும் தட்டிவிட்டேன்.

ரெண்டு பேர் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் சித்தி குரூப்பை விட்டு வெளியேறினார். திட்டவில்லை, ஒரு வார்த்தை எழுதவில்லை. வெளியே போய்விட்டார், அவ்வளவுதான்.

‘இதுக்கெல்லாமா கோச்சுக்குவாங்க’ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன். “உங்க சித்தி எதுக்கு வடமாலை சாத்துனான்னு உனக்குத் தெரியுமாடா?”

தெரியாது. அதற்கு முந்தின வருஷம் சித்தி மகனுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய், சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு நாள் ஐசியூ. நான் பெங்களூருவில் இருந்து கூகுள் பே-யில் கொஞ்சம் பணம் அனுப்பி, ‘கவலைப்படாதீங்க சித்தி’ என்று ஒரு மெசேஜும் போட்டிருந்தேன். அந்த நாலு நாளும் அவர் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். வடைமாலை வேண்டுதல் அங்கே வைத்ததுதான்.

அப்படியென்றால் சாமி சம்பந்தப்பட்ட எதையும் பார்த்துச் சிரிக்கவே கூடாதா? அதுவும் சரியாகப் படவில்லை. ஏனென்றால் சேலம், நாமக்கல் பக்கம் சிரிப்பதற்கான விஷயம் கொட்டிக் கிடக்கிறது. சிரிப்பவர்களும் குறைவில்லை. எது சிரிக்கவைக்கிறது, எது குரூப்பை விட்டு வெளியேறவைக்கிறது என்று யோசித்துப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முட்டை ஊரில் புரட்டாசி

நாட்டிலேயே முட்டைக்குப் பேர்போன ஊர் நாமக்கல். பள்ளிச் சத்துணவு முட்டையில் தொடங்கி கேரளா, வளைகுடா நாடுகள் வரை இங்கிருந்துதான் போகிறது. இந்த ஊரின் நடுவில் ஒரே கல்லில் செதுக்கிய 18 அடி ஆஞ்சநேயர், கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும், மலைக்கோட்டையில் இருக்கிற நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். சிலை வளர்ந்துகொண்டே இருப்பதால்தான் கூரை போட முடியவில்லை என்பது ஊரில் சொல்லும் கதை.

புரட்டாசி வந்தால் பெருமாளுக்காகத் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அசைவத்தை நிறுத்திவிடும். முட்டையும் அதோடு போகும். ஆனால் கோழிக்குப் புரட்டாசி தெரியாது. அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருக்கும். விற்பனை படுக்கும், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற பண்ணை விலையும் பல வருஷம் இறங்கும். அது முடிந்து நிமிர்வதற்குள் கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டுவிடுவார்கள்.

என் தாய்மாமா ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போவார். ஒருமுறை கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன், என்ன வேண்டிக்கிட்டீங்க மாமா என்று.

“முட்டை வெலை ஏறோணும்னுதான் மாப்ள. பெருமாளுக்குன்னு ஊரே முட்டைய உட்டுருது, அதனால வெலை எறங்குது. எறங்குன வெலை ஏறோணும்னு அதே பெருமாள்கிட்டத்தான் போயி நிக்கறேன். அவரு எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவாரு, சொல்லு?”

“நீங்க இந்த மாசம் முட்டை சாப்பிடறீங்களா?”

“நானா? சேச்சே. புரட்டாசில்ல!”

சொல்லிவிட்டு அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். என் மீமைவிட இது பத்து மடங்கு கூர்மையான கிண்டல். பக்திக்குள் இருக்கும் முரண்பாட்டை இதைவிடச் சுருக்கமாக ஒரு பகுத்தறிவுப் பேச்சாளர்கூடச் சொல்லிவிட முடியாது. ஆனால் பக்கத்தில் நின்ற யாரும் முகம் சுளிக்கவில்லை. மாட்டிக்கொண்டிருப்பது அவரும்தானே.

திருச்செங்கோட்டுப் பக்கம் இன்னொன்று. போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் அது. இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரையிலும் போய்த் துளை போடுகிற வண்டிகள். ஒரு செட்டின் விலை கோடியைத் தாண்டும். ஆயிரம் அடிக்கும் மேலே இறங்கும். அந்த வண்டி தோட்டத்துக்குள் வந்து நின்றதும், எங்கே போடுவது என்று முடிவு செய்வது பல இடங்களில் ஒரு தேங்காய். பாயிண்ட் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். நீரோட்டம் இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. அறிவியல் இதை ஏற்பதில்லை. தண்ணீர் வராவிட்டாலும் தேங்காயை யாரும் குறை சொல்வதில்லை. வந்தால் பாயிண்ட் பார்த்தவருக்குப் பேர், வராவிட்டால் நம்ம நேரம் சரியில்லை.

புறாவும் பச்சை பாக்கெட்டும்

இதெல்லாம் படிக்காதவர்கள் செய்வது என்று நினைக்கிறீர்களா? 1910-களில் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நியூகினி அருகே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் மீனவர்களோடு தங்கியிருந்தார். அலையில்லாத உள்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்கள் எந்தச் சடங்கும் செய்யவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் மந்திரம், சடங்கு எல்லாம். அதே ஆட்கள், அதே படிப்பு. மாறியது கடல் மட்டும்தான்.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். கோழிக்கு நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும் பண்ணைக்காரர். ராத்திரி முழுக்கத் தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டுகிற லாரி டிரைவர். ஆயிரம் அடி போட்டும் வெறும் புகை வந்தால் கடனில் விழுகிற விவசாயி. ஐசியூ வராந்தாவில் பிளாஸ்டிக் சேரில் இருக்கிற அம்மா. எல்லாரும் திறந்த கடலில் இருப்பவர்கள். மாசச் சம்பளமும் மெடிக்கல் இன்சூரன்ஸும் உள்ள நான் உள்கழியில் உட்கார்ந்து மீம் போட்டுக்கொண்டிருந்தேன்.

1948-இல் உளவியலாளர் ஸ்கின்னர் பசியோடு இருந்த புறாக்களைப் பெட்டியில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டமடிக்க ஆரம்பித்தது. இன்னொன்று ஒரே மூலையில் தலையைத் தலையை நீட்டியது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே, அதனால்தான் தீனி வந்தது என்பதுபோலத் திரும்பத் திரும்பச் செய்தன. இந்த விளக்கத்தோடு பிற்கால ஆய்வாளர்கள் சிலர் மோதியிருக்கிறார்கள். ஆனாலும் நேர்காணலுக்கு ராசியான சட்டையைத் தேடியவர்கள் அந்தப் புறாவைப் பார்த்துச் சத்தமாகச் சிரிக்க முடியாது.

தைவானில் கம்ப்யூட்டர் சர்வர்கள், சிப் தொழிற்சாலை இயந்திரங்கள் மேல் ‘குவாய் குவாய்’ என்கிற நொறுக்குத்தீனி பாக்கெட்டை வைக்கிறார்கள். ‘சமத்தா இரு’ என்று குழந்தையிடம் சொல்வதுபோன்ற பேர் அதற்கு. பாக்கெட் பச்சை நிறமாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது. உலகத்துக்கே சிப் செய்து தருகிற ஊர் அது. இங்கே இஸ்ரோ விஞ்ஞானிகள் 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன்னால் அதன் சின்ன மாதிரியைத் திருப்பதிக்கு எடுத்துப் போய் வணங்கிவிட்டு வந்தார்கள். போன மாசம் என் நண்பன் எலெக்ட்ரிக் கார் எடுத்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது, “புகை வராத வண்டிக்கும் திருஷ்டி வருமாடா?” என்று கேட்டேன். “சார்ஜ் சீக்கிரம் எறங்கும்டா” என்றான், சிரிக்காமல்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடு முழுக்கச் செய்தி பரவிய நாள். எட்டு வயசில் நானும் தெருமுனைப் பிள்ளையார் முன்னால் ஸ்பூனும் கையுமாக வரிசையில் நின்றேன். குடித்தார்! ஸ்பூன் காலியானதை என் கண்ணால் பார்த்தேன். டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்து, பரப்பு இழுவிசையால் பால் ஸ்பூனை விட்டு இழுபட்டு, சிலை மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். பள்ளியில் பரப்பு இழுவிசை பாடம் வந்தபோது டீச்சர் இதைத்தான் உதாரணம் சொன்னார். அவரும் அன்று வரிசையில் நின்றவர்தான்.

திட்டிப் பாடியவர்கள்

சாமியைக் கிண்டல் செய்வது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. சுந்தரர் சிவனைப் பைத்தியக்காரன் என்றுதான் முதலில் கூப்பிட்டார். கண் பார்வை போனபோது குத்தலாக வாழ்த்தவும் செய்தார். அவர் பாடல்களைத் தேவாரத்தில் வைத்து இன்றைக்கும் கோயிலில் பாடுகிறோம். காளமேகம், திட்டுவதுபோலப் புகழ்கிற நிந்தா ஸ்துதிக்கென்றே பேர் வாங்கியவர். கல்லைச் சுற்றி வருவதைச் சிவவாக்கியர் கேட்காத கேள்வியா?

சேலம் பக்கத்துக் கூத்துகளில் கட்டியக்காரன் வருவான். பாரதக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து ராஜாவை மடக்குவான், உள்ளூர்க் கதையை இழுப்பான், பச்சையாகவும் பேசுவான். ஊரே சிரிக்கும். அதே ஊர், விடியற்காலையில் கதை உச்சத்துக்குப் போகும்போது கும்பிட்டுக்கொண்டு நிற்கும். சிலருக்குச் சாமி வரும். ராத்திரி சிரித்ததற்கும் விடிகாலையில் கும்பிட்டதற்கும் நடுவில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. கட்டியக்காரன் பக்கத்து ஊர்க்காரன், அவனும் அதே சாமிக்குத் தேங்காய் உடைக்கிறவன்.

சேலம், 1971

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் இதே மண்ணில்தான் நடந்தது. 1971 ஜனவரி 23, 24 தேதிகளில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. பெரியாருக்கு அப்போது 91 வயசு. ஊர்வலத்தில் புராணக் காட்சிகளைக் கிண்டல் செய்யும் படங்கள் வந்தன. ஜனசங்கத்தினர் கறுப்புக்கொடி காட்டினார்கள். அங்கிருந்து பெரியாரை நோக்கி ஒரு செருப்பு வீசப்பட்டது, அதே செருப்பால்தான் ராமர் படம் அடிக்கப்பட்டது என்பது திராவிடர் கழகத் தரப்பு. படங்கள் எப்படி இருந்தன, யார் ஆரம்பித்தது என்பதில் எதிர்த்தரப்பின் கதை வேறு.

மார்ச் மாதம் தேர்தல். எதிரணி இந்தச் சம்பவத்தைப் பெரிய பிரச்சாரமாக்கியது. திமுக 184 இடங்களில் ஜெயித்தது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 49 வருஷம் கழித்து, 2020 ஜனவரி 14-இல் துக்ளக் ஆண்டுவிழாவில் ரஜினிகாந்த் இந்த ஊர்வலத்தைப் பற்றிப் பேச, புகார், போராட்டம், ‘மன்னிப்புக் கேட்க மாட்டேன்’ என்று ஒரு வாரத்துக்கு டிவி எல்லாம் அதே பேச்சு.

எனக்குப் படுவது இது. மாநாட்டின் பேரே மூடநம்பிக்கை ஒழிப்பு. அங்கே எந்த மூடநம்பிக்கை பற்றி என்ன பேசினார்கள் என்று இன்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். ரெண்டு தரப்புக்கும் ஞாபகம் இருப்பது செருப்பு மட்டும்.

ஆனால் இதை வைத்து, அன்பாகச் சொல்லியிருக்கலாமே என்று பெரியாருக்கு இப்போது புத்தி சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. கோயிலுக்குள்ளே உட்கார்ந்து மாமா அடிக்கிற ஜோக்குக்கு ஒரு சலுகை இருக்கிறது: அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. வாசலிலேயே நிறுத்தப்பட்டவனின் கிண்டலில் கோபம்தான் முதலில் வரும். அது பழங்கதையும் இல்லை. 2023-இல் சேலம் பக்கத்தில் திருமலைகிரியில், மாரியம்மன் கோயிலுக்குள் போன பட்டியலின இளைஞரை ஊர் முன்னால் நிறுத்திவைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டிய ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் கட்சியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டு, கைதும் ஆனார். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. வடைமாலையிடம் காட்ட வேண்டிய பணிவை இதனிடம் காட்டத் தேவையில்லை.

சிரிக்காமலே மாட்டியவர்

கிண்டலே செய்யாமல் மாட்டியவரும் நம் ஊர்க்காரர்தான். பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். திருச்செங்கோடு தேர்த்திருவிழாவையும் குழந்தையில்லாத ஒரு தம்பதியின் தவிப்பையும் வைத்து எழுதிய ‘மாதொருபாகன்’ 2010-இல் வந்தது. நாலு வருஷம் யாருக்கும் பிரச்சினை இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள், அடுத்த மாதம் கடையடைப்பு. 2015 ஜனவரி 12-இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி எழுத வரட்டும் என்று சொல்லும்வரை ஒன்றரை வருஷம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத உணர்வைப் புண்படுத்தும் பழைய 295ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று வருஷம்வரை சிறை. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. தெரியாமல் அடித்த மொக்கை ஜோக் அதில் வராது. கேஸ் முடிவதற்குள் வாழ்க்கை நாறிவிடும் என்பது வேறு விஷயம்.

நகைச்சுவைக்காகவே ஒரு தீர்ப்பு 2021 டிசம்பரில் வந்தது. சிறுமலைக்கு டூர் போன ஒருவர், ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக’ என்று ஃபேஸ்புக்கில் விளையாட்டாகப் போட, வாடிப்பட்டி போலீஸ் கேஸ் போட்டுவிட்டது. அதை ரத்து செய்த மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஒவ்வொரு ஊருக்கும் தொடக்கூடாத புனிதப் பசு ஒன்று இருக்கிறது என்று பட்டியல் போட்டார். தமிழ்நாட்டுக்கு அவர் சொன்ன பேர் பெரியார். ஆஞ்சநேயரைக் கிண்டல் செய்தால் ஒரு குரூப் காலியாகும், பெரியாரைக் கிண்டல் செய்தால் இன்னொரு குரூப் காலியாகும் என்பது எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும்.

சித்தி வீட்டில்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதை ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். “அன்னிக்குப் போட்டதுக்கு… சித்தி…” என்று ஆரம்பித்ததுமே, “மொதல்ல உக்காந்து காப்பி குடி கண்ணு” என்றார்.

டெங்குவில் படுத்த தம்பி பக்கத்து அறையில் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான்.

“நீ சாமியச் சொன்னதுல எனக்கொண்ணுமில்ல. அந்த நாலு நாளும் நீ ஒரு போன்கூடப் பண்ணல. அப்பறம் அந்த வடையப் பாத்துச் சிரிச்ச பாரு, அதுதான்.”

நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்:

“ஆனா கொலஸ்ட்ராலெல்லாம் தப்புக் கண்ணு. அது நம்மூட்டு மெதுவடை மாதிரியா இருக்குது? மொளகு போட்டுத் தட்டை கணக்கா மொறுமொறுன்னு சுடறது, நாளு கணக்குல கெடாம இருக்கும். சாத்திப்போட்டு வந்த அன்னிக்குப் பிரசாதம்னு உங்க சித்தப்பா ஒண்ணக் கடிச்சாரு. கடவாய்ப்பல்லு ஆடிப்போச்சு, புடுங்கியே போட்டாங்க. பையனக் குடுத்தாரு ஆஞ்சநேயரு, பல்ல எடுத்துக்கிட்டாரு. கணக்கு நேர்.”

சித்தப்பா உள்ளேயிருந்து, “அதச் சொல்லாட்டி உனக்குத் தூக்கம் வராது” என்றார்.

இதை எழுதிக்கலாமா சித்தி என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். குரூப்பில் மட்டும் இன்னும் சேரவில்லை. சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாங்கண்ணு, ஒரு வருசமா நிம்மதியா இருக்குது” என்றார்.